பத்து புள்ளி ஒன்பது போல்ட்

செப்டம்பர் 8, திங்கள்

காலையில் தூறல். ஏழு மணிக்கு நின்றது. அப்புறம் நாள் முழுக்கப் புழுக்கம்.

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். எனக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஏனென்றால் இன்று மாலையிலிருந்து இந்த வீட்டில் ஒருவர்கூட நடந்ததைப் பேசவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். யாராவது ஒருவர் சரியாக எழுதி வைக்க வேண்டும்.

நடந்தது: வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியின் பின்பக்கக் காலி இடத்தில் அம்மா டிராக்டரில் புல் வெட்டிக்கொண்டிருந்தாள். பதினொரு மணி இருக்கும். பின்னால் மாட்டியிருக்கும் புல் வெட்டும் மெஷினில் 'டங்' என்று ஒரு சத்தம். அப்புறம் மிக்ஸியில் ஜல்லி போட்டதுபோல. எஞ்சின் ஓடுகிறது, மெஷினுக்குப் போகிற ஷாஃப்ட் சுற்றுகிறது, பிளேடு மட்டும் நின்றுவிட்டது. புல்லுக்குள் யாரோ வீசிய இரும்புப் பட்டை. பார்சல் பெட்டிகளைச் சுற்றிக் கட்டி வருமே, அது. ஒரு சுருள் முழுதாகப் பிளேடில் சிக்கியிருக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது.

(இனி கியர்பாக்ஸ் = கி.பா. கை வலிக்கிறது.)

அம்மா பின்னால் மெஷினைத் தூக்கி நிறுத்தியபடியே டிராக்டரை வீட்டுக்கு ஓட்டி வந்தாள். அப்பாவும், அப்பாவின் தம்பி சரவணன் சித்தப்பாவும் ஷிஃப்ட் முடிந்து வந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி. சித்தப்பா ஷூவைக் கழற்றும்போதே:

"இன்னா அண்ணி, கல்லு மேல ஏத்திட்டீங்களா?"

"கல்லு இல்ல சரவணா. பேக்கிங் பட்ட."

"அதான். பாத்து ஓட்டணும்ல."

அப்பா: "நான் அப்பவே சொன்னேன். பொம்பள ஓட்டுற வண்டியா இது."

அப்பா அப்பவே எதுவும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். எங்கள் நிலம் கம்பெனிகள் வரும் எஸ்டேட்டுக்குப் போன பிறகு டிராக்டர் சும்மா நின்றது. அம்மாதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இந்தப் பழைய மெஷினைத் தேடிப் பிடித்ததும், ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் நின்று வேலை கேட்டதும் அம்மாதான். அப்போது அப்பா சொன்னது இரண்டே வார்த்தை. "உன் இஷ்டம்."

கம்பெனி அட்மின் சார் போன் செய்தார். சனிக்கிழமை மாலைக்குள் முழு இடமும் வெட்டி முடிய வேண்டும், திங்களன்று வெளிநாட்டிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். முடியாவிட்டால் வேறு ஆள். இந்த ஒரு தடவைக்கு மட்டும் இல்லை, இனி எப்போதும் வேறு ஆள்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே: "சனிக்கெழமக்குள்ள ஓடலன்னா டிராக்டர குடுத்துடலாம். வாங்கறதுக்கு ஆளு கீறாரு. ஞாயித்துக்கெழம வந்து பாக்கட்டும். நீ கேன்டீன்ல சேந்துக்க. நெழல்ல வேல."

அம்மா முன்பு நான்கு மாதம் கேன்டீனில் இருந்திருக்கிறாள். சாம்பார் வாளி தூக்கித் தூக்கி, வீட்டுக்கு வந்ததும் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். நான் எதைக் கேட்டாலும் "ம்". அந்த அம்மா எனக்கு வேண்டாம்.

மெஷினில் என் பங்கு இருக்கிறது, அதையும் எழுத வேண்டும்:
ஞாயிறுதோறும் கிரீஸ் அடிப்பது.
பிளேடு துடைப்பது.
போல்ட்.

போல்ட் பற்றி: ஷாஃப்ட் மெஷினோடு சேரும் இடத்தில் ஒரு போல்ட் உண்டு. கடையில் வாங்குவது வாரம் இரண்டு முறை உடையும். ஒவ்வொரு முறையும் அம்மா வெயிலில் இறங்கித் தரையில் படுத்து மாற்ற வேண்டும். போல்ட்டின் தலையில் இருக்கும் எண் அதன் வலிமையைக் குறிக்கிறது என்று போன மாதம் படித்தேன். கடை போல்ட் 4.6. கம்பெனியில் சித்தப்பா போல்ட் முறுக்கும் லைனில் 10.9. கேட்டேன், கொண்டுவந்தார், அம்மா மாட்டினாள். அன்றிலிருந்து ஒரு தடவைகூட உடையவில்லை. இந்த வீட்டில் உருப்படியாக யோசிக்கிற ஆளும் ஒன்று இருக்கிறது என்பதற்காக எழுதுகிறேன்.

அடுத்த வாரம் காலாண்டுத் தேர்வு. சமூக அறிவியல் இன்னும் தொடவில்லை.

செப். 9, செவ்வாய்

நல்ல வெயில். பள்ளி விட்டதும் யூனிஃபார்மோடு பஸ் ஏறிப் பென்னலூர். தாஸ் அண்ணன் பட்டறை. அம்மா காலையிலேயே மெஷினைக் கொண்டுவந்து இறக்கியிருந்தாள்.

கி.பா. மூடியைக் கழற்றினார். உள்ளே ஆயில் சாம்பல் நிறம், மினுமினுவென்று. இரும்புப் பொடி. விரலை விட்டுத் துழாவி மூன்று துண்டு எடுத்தார். சின்ன கியரின் பற்கள். ஒன்றை வாங்கிப் பார்த்தேன். என் கட்டைவிரல் நகம் அளவு. உடைந்த பக்கம் சர்க்கரை மாதிரி.

தாஸ் அண்ணன்: "சார் எங்கம்மா?"

"கம்பெனில ஓ.டி.ல கீறாரு."

"சார் வரட்டும், சொல்றேன்."

"வண்டி நான்தான் ஓட்டறேன். எங்கிட்டயே சொல்லுங்க."

"இல்லம்மா, இது கொஞ்சம் டெக்னிக்கல்."

சொல்லிவிட்டு, அம்மா ஒரு முழம் தள்ளி நிற்க, அப்பாவுக்குப் போன் போட்டார். "சார், சின்ன கியர்ல மூணு பல்லு காலி. பெருசும் சின்னதும் ஜோடியாத்தான் மாத்தணும். இந்த மாடலு இப்ப வர்றதில்ல. காயலாங்கடைல இதே பாக்ஸ் கெடச்சாதான் உண்டு. ஆமா சார், மேடம் இங்கதான் நிக்கறாங்க."

அப்பாவுக்குக் கம்பெனி லைன் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது. "சரி சரி" என்று வைத்துவிட்டார் போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்கிறார்: "அந்தாளு இன்னா சொன்னான்?"

அம்மா ஒரு வரி விடாமல் அப்படியே சொன்னாள். இத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவுக்கு வரவில்லை.

உடைந்த கியரைத் துடைத்துப் பற்களை எண்ணினேன். பெரியது 27. சின்னது, போன மூன்றையும் சேர்த்து, 14. இந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்து வைக்கிறேன்.

செப். 10, புதன்

மூன்று மணிக்கு மழை. எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

பட்டறைக்கு நான் போனபோது தாஸ் அண்ணன் ஷாஃப்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த போல்ட்டை உருவினார். உடையவில்லை, வளையக்கூட இல்லை. துணியில் துடைத்து, தலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"டென் பாயிண்ட் நைனா? இது ஏதும்மா?"

அவர் பக்கத்துக் கடை வெல்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

"ஒடையறதுதான்மா இதோட வேலையே. பிளேடு எங்கனா மாட்டுனா இது ஒடைஞ்சு கியர காப்பாத்தும். அதுக்குத்தான் சப்ப போல்டு போடறது. இது ஒடையலன்னா கியர்தான் ஒடையும். எந்த மகராசன் இத மாட்டுனது?"

அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவரிடம்: "நான்தான் மாட்டினேன்."

"அதான பாத்தேன். ஸ்ட்ராங்கா போட்டா நல்லதுன்னு நெனச்சீங்களாக்கும். இது இன்னா காப்பித்தூளாம்மா?" வெல்டர் இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு. வாயைத் திறக்கவில்லை. நடந்ததை நடந்தபடி: திறக்கவே இல்லை.

பஸ்ஸில் கேட்டேன். "ஏம்மா அப்படி சொன்ன?"

"மாட்டுனது என் கைதானடி."

"நான் சொல்லித்தான மாட்டின."

"அவன் சிரிக்கறதுக்கு ஒரு ஆளு போதும். உனக்குப் பரீட்ச கீதுல்ல, அதப் பாரு."

வீட்டுக்கு வருவதற்குள் தாஸ் அண்ணன் அப்பாவுக்குப் போன் செய்திருந்தார். அப்பா சாப்பிடும்போது: "இன்னாமோ போல்டு மாத்துனியாமே. இன்ஜினியரம்மா." சித்தப்பா தட்டை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரண்டாம் தடவை சோறு வாங்காமல் எழுந்து போனார்.

திங்கட்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். 'உருப்படியாக யோசிக்கிற ஆள்'. அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று தோன்றியது. கிழிக்கவில்லை. கிழித்தால் இந்த நோட்டே பொய்.

கோபம், யார் மேல் எவ்வளவு என்ற வரிசையில்:
வெல்டர் (சம்பந்தமே இல்லாமல் சிரித்தவர்).
தாஸ் அண்ணன்.
அப்பா.
சித்தப்பா. எட்டு மணி நேரம் போல்ட் முறுக்குகிறவர், அவருக்குமா தெரியாது?
நான். வரிசையில் முதலில் வர வேண்டியது. கடைசியில் எழுதியிருக்கிறேன் பார்.

செப். 11, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை. கணக்கு மாதிரித் தேர்வில் ஒரு எளிய கூட்டலைத் தப்பாகப் போட்டேன்.

பள்ளி கேட்டில் அம்மா மொபெட்டோடு நின்றாள். நேராக இருங்காட்டுக்கோட்டைப் பக்கம். மூன்று காயலாங்கடை. முதல் இரண்டில் இல்லை. மூன்றாவதில், பழைய பீரோக்களுக்குப் பின்னால், எங்கள் மெஷின் மாதிரியே ஒன்று தலைகீழாகக் கிடந்தது. பிளேடு இல்லை. கி.பா. இருந்தது. பெயர்த் தகடு துருப்பிடித்து ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அம்மா: "பாக்க அதே மாதிரிதான் கீது. உள்ள எப்டியோ."

எனக்கு ஒரு யோசனை வந்தது. சொல்லப் பயமாக இருந்தது. (புதன்கிழமைக்கு முன்னால் பயந்திருக்க மாட்டேன்.) சொன்னேன். கடையில் சாக்பீஸ் வாங்கி, கி.பா.வின் மேலும் கீழும் நீட்டியிருந்த இரண்டு ஷாஃப்ட்டிலும் கோடு போட்டேன். அம்மா மேல் ஷாஃப்ட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினாள். கீழ் ஷாஃப்ட் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றியது. 27ஐ 14ஆல் வகுத்தால் ஒன்று புள்ளி ஒன்பது சொச்சம். பொருந்துகிறது.

பொருந்துகிறது என்று கத்த வாய் வந்தது. கத்தவில்லை. எண்ணை மட்டும் நம்பி ஒரு தடவை பட்டது போதும்.

"தெறந்து பாத்துடலாம்மா."

கடைக்காரர்: "தெறந்தா எடுத்துக்கணும். பாத்துட்டு வேணாம்னு சொல்லக்கூடாது."

"பல்லு நல்லா இருந்தா எடுத்துக்கறேன். இல்லன்னா நானே மூடிக் குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டு அம்மா பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். கடைக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். எல்லாப் பல்லும் முழுசு. எண்ணினேன். 27. 14. மறுபடி எண்ணினேன்.

மொபெட்டில் முன்னால் கி.பா., பின்னால் நான். அது ஆடாமல் இருக்க அடியில் என் சமூக அறிவியல் புத்தகத்தைச் செருகினோம். முதல் பாடம் முழுக்க ஆயில். பரவாயில்லை.

சாயங்காலம் குழாயடியில் சித்தப்பா வந்தார். குரலைத் தாழ்த்தி:

"பாப்பா, போல்டு நான் குடுத்த விசயம் அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"ஏன்?"

"அண்ணன் சூப்பர்வைசர் கையக் கால புடிச்சுத்தான் என்ன உள்ள சேத்துச்சு. நான் லன்ச் பாக்ஸ்ல போல்டு எடுத்தாந்தேன்னு தெரிஞ்சா மூஞ்சில முழிக்க முடியுமா? ரிஜெக்ட் பண்ணி டப்பால போட்டுக் கெடந்ததுதான். இருந்தாலும்."

"அந்த எடத்துல அது போடக்கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எந்த எடம்னு நீ சொன்னியா? ஸ்ட்ராங்கா ஒண்ணு வேணும்னு கேட்ட."

உண்மை. அப்படித்தான் கேட்டேன்.

"அப்ப ஏன் கல்லுல ஏத்துனீங்களான்னு அம்மாவ கேட்டீங்க? திங்கக்கெழமையே உங்களுக்கு சந்தேகம் வந்துச்சுதானே?"

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கடைசியில், "சனிக்கெழம புரோட்டா வாங்கியாறேன் பாப்பா," என்றார்.

எனக்குப் புரோட்டா பிடிக்கும் என்று தெரிந்தே சொல்கிறார். அதனால் இன்னும் கோபம்.

செப். 12, வெள்ளி

காலையில் கரண்ட் இல்லை. மூன்று மணிக்கு வந்ததாம். நான் பட்டறைக்குப் போனபோது வாசலில் ஒரு லாரி. தாஸ் அண்ணன் அதற்கு அடியில் படுத்திருந்தார்.

"திங்கக்கெழம முடிச்சித் தரேன்மா. லாரிக்காரன் உயிர வாங்கறான்."

"திங்கக்கெழம எனக்கு வேணாம்."

"நான் இன்னா பண்றது?"

அம்மா புடவையை இழுத்துச் செருகினாள். தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள். "நீங்க லாரியப் பாருங்க. நான் கோக்கறேன். தப்பாப் போனா சொல்லுங்க."

"சீரியஸாத்தான் சொல்றியாம்மா?"

அம்மா காயலாங்கடை கி.பா.வின் பேரிங்கைக் கழற்றினாள். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையில் செய்தித்தாள் மேல் வைக்கச் சொன்னாள், நான் பக்கத்தில் எண் எழுதினேன். மண்ணெண்ணெயில் கழுவினோம். ஆயில் கசியாமல் இருக்கப் புது சீல். தாஸ் அண்ணன் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "அத திருப்பிப் போடு." "சுத்தியால நேரா அடிக்காத, கட்டைய வெச்சு அடி." கடைசியில் லாரியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

இரண்டு கியரும் சரியான இடத்தில் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அதற்கு நீல நிறத்தில் ஒரு மை பூசுவார்களாம். தீர்ந்துவிட்டது. அம்மா சுற்றிப் பார்த்தாள். சுவரில் சாமி படத்துக்குக் கீழே தட்டில் குங்குமம். ஒரு சிட்டிகை எடுத்து ஆயிலில் குழைத்துப் பல்லில் பூசினாள்.

தாஸ் அண்ணன்: "சாமி குங்குமத்த போயி…" மீதியை விழுங்கிவிட்டார்.

சுற்றினோம். சிவப்பு பல்லின் ஓரத்தில் மட்டும் ஒட்டியது. கழற்றி, ஒரு மெல்லிய வாஷர் சேர்த்து, மறுபடி. இன்னும் ஓரம். இன்னொன்று. நான்காவது தடவை சிவப்பு நடுவில் விழுந்தது.

தாஸ் அண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "கரெக்ட்டா விழுந்துடுச்சு மேடம்." முதல் தடவையாக அப்பாவுக்குப் போன் போடாமல் அம்மாவிடமே சொன்னார். இதற்காக அவரை மன்னிக்கலாமா என்று யோசித்தேன். புதன்கிழமைச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. வேண்டாம்.

பத்து சப்பை போல்ட் ஒரு கவரில். அம்மா என்னிடம் நீட்டினாள். "தலையில இன்னா போட்டுக்கீது, பாரு." ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 4.6. பத்தும்.

அந்த 10.9ஐ நான் எடுத்து வைத்திருக்கிறேன். பென்சில் பாக்ஸில்.

இன்று அப்பாவிடம் சொல்ல நினைத்தேன், அவர் தூங்கிவிட்டார். இல்லை, இது பொய். விழித்துத்தான் இருந்தார். எனக்குப் பயம்.

செப். 13, சனி

விடியும்போதே வெளிச்சம் நன்றாக இருந்தது. ஆறரைக்கெல்லாம் வேலை தொடங்கிவிட்டது. நான் மதில் நிழலில், போல்ட் கவர், இரண்டு ஸ்பேனர், ஆயில் பட்ட சமூக அறிவியல்.

9.10: 'டப்'. பிளேடு நின்றது. அம்மா இறங்கிப் பட்டையை வெட்டி எடுத்தாள், புது போல்ட் போட்டாள். கி.பா.வுக்கு ஒன்றும் இல்லை. ஏழு நிமிடம்.

1.25: மறுபடி. ஐந்து நிமிடம்.

3.50: மறுபடி. இந்தத் தடவை நானே மாட்டினேன். அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் குடித்தாள்.

உடைந்த ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். இவற்றையா வாரம் இரண்டு தடவை திட்டினேன்.

5.20க்கு முடிந்தது. அட்மின் சார் வந்தார், நடந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். "ஓகேம்மா, அடுத்த மாசமும் வந்துடுங்க" என்று போய்விட்டார். பொறுக்கிய இரும்புப் பட்டைக் குவியல் என் முழங்கால் உயரம். செக்யூரிட்டி அதைக் குப்பைத் தொட்டியில் போட விடவில்லை. "அது எங்க கம்பெனிது இல்லம்மா, எடுத்துனு போ." அவர்கள் மதிலுக்குள் கிடந்தது அவர்களுடையது இல்லையாம். டிராக்டரிலேயே ஏற்றிக் கொண்டுவந்தோம்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பா சொன்னபடி புரோட்டா.

அப்பா: "ஓடுச்சா?"

"ஓடுச்சு. முடிச்சிட்டேன். அடுத்த மாசமும் வரச் சொன்னாரு."

"சரி. இருந்தாலும் நாளைக்கு ஆளு வரட்டும். இன்னிக்கு ஓடும். நாளைக்கு நீ மறுபடி இன்னாத்தயாவது மாட்டி ஒடச்சிக்கினு நிப்ப."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சும்மா இருந்திருப்பேன்.

எழுந்து போய்ப் பென்சில் பாக்ஸிலிருந்து போல்ட்டை எடுத்து வந்து அப்பா தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இத அம்மா மாட்டல. மாட்டச் சொன்னது நான். கேட்டு வாங்குனதும் நான். அம்மா எனக்காகப் பொய் சொன்னாங்க."

"யார்கிட்ட வாங்குன?"

இதற்கு நான் தயாராக வரவில்லை. நடந்ததை நடந்தபடி என்று எழுதுவது சுலபம். புரோட்டா வாங்கி வந்தவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது வாய் வரவில்லை.

சித்தப்பாவே சொன்னார். "எங்கிட்டதான்ணா. லன்ச் பாக்ஸ்ல எடுத்தாந்தேன்."

அப்பா போல்ட்டை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து எண்ணைப் பார்த்தார். "எட்டு மணி நேரம் இதையே முறுக்கறவன் நீ," என்றார். அது கத்தினதைவிட மோசமாக இருந்தது. சித்தப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா குருமாவை எடுத்து எல்லாத் தட்டிலும் ஊற்றினாள். "கல்லு இல்லன்னு திங்கக்கெழமையே சொன்னேன்." பிறகு கையைக் கழுவிவிட்டு, காலண்டருக்குக் கீழே ஆணியில் தொங்கும் டிராக்டர் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நாளைக்கு யாரு வந்தாலும் சாவி எங்கிட்ட கீது."

அப்பா வாசலுக்குப் போய்ப் போன் பேசினார். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்: "நாளைக்கு வேணாம்ணே… இல்லல்ல, ரிப்பேர் இல்ல. ஓடுது. ஓடுறதாலதான் சொல்றேன்."

திரும்பி வந்து பாயை விரித்தார். நாளை ஞாயிறு, ஓ.டி. உண்டாம். ஒன்பதுக்குப் படுத்தாக வேண்டும்.

சந்தோஷப்பட வேண்டும். ஆனால் இன்னும் பொங்குகிறது. ஐந்து நாள் அம்மாவைப் பேசினார்கள். அதில் ஒருவர்கூட "தப்பாப் பேசிட்டேன் கௌரி" என்றோ "மன்னிச்சிடுங்க அண்ணி" என்றோ சொல்லவில்லை. அப்பா சொல்லவில்லை. சித்தப்பா சொல்லவில்லை. தாஸ் அண்ணன் சொல்லப்போவதே இல்லை. ஏன், நான்? எல்லாரிடமும் ஒப்புக்கொண்டேன், அம்மாவிடம் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதோ உட்கார்ந்து தலைமுடியிலிருந்து புல் விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வரியை முடித்துவிட்டு எழுந்து போய் மன்னிப்பு

விளக்கை அணைத்துவிட்டார்கள்.